தம்பி வரைந்த அப்பா

அந்த வீட்டுக் கணினியில் கோப்புக்குப் பெயர் வைக்க அக்காவுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, தம்பிக்குச் சின்ன எழுத்து. கணினி பழுது பார்க்கும் அம்மா செய்து கொடுத்த ஏற்பாடு அது. இருவரும் ஒரே பெயர் வைத்தாலும், எழுத்து பெரிதா சின்னதா என்று பார்த்து, கணினி இரண்டு கோப்புகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். அதனால் அங்கே மட்டும் சண்டை கிடையாது.

ஒரு மாதமாக வெளியூரில் லாரி ஓட்டிய அப்பா, அன்று நான்கு மணிக்கு வருகிறார். கதவில் ஒட்டுவதற்காக இருவரும் கணினியில் அப்பாவை வரைந்தார்கள். அவள் படம் APPA. அவன் படம் appa.

அக்கா இரண்டையும் பென் டிரைவில் போட்டாள். "இதே பெயரில் ஒன்று இருக்கிறது. மாற்றவா?" என்று திரை கேட்டது. அவள் படிக்கக்கூட இல்லை. 'ஆம்' என்று தட்டிவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு அச்சுக் கடைக்கு ஓடினாள்.

அங்கே திரையில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அது அக்காவுடையது.

"ஐயோ, என் அப்பாவைக் காணோம்!" தம்பி அலறினான்.

கடையில் நின்றவர்கள் பதறிப்போனார்கள். "என்ன சட்டைப்பா போட்டிருந்தாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"பச்சை! மீசை காது வரைக்கும் இருக்கும்!"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நான் சாப்பிடக் கிளம்பணும் பாப்பா. இருக்கிறதை அடிச்சுத் தரட்டுமா?"

அக்காவுக்கு ஆசைதான். ஆனால் தம்பியின் உதடு பிதுங்கியது. அப்போதுதான் திரை கேட்ட கேள்வி அவளுக்கு நினைவு வந்தது. இந்தப் பென் டிரைவுக்கு எழுத்து பெரிதானால் என்ன, சின்னதானால் என்ன, எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது! தம்பியின் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை வைக்கச் சொன்னது அவளேதான்.

"தப்பு என்னோடதுடா. அழாதே, வீட்டுல உன் படம் பத்திரமா இருக்கு. அண்ணா, பத்தே நிமிஷம், கடையைச் சாத்திடாதீங்க!"

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார்கள்.

"யாரோட பேரை மாத்தப் போறே?" தம்பி சந்தேகமாகக் கேட்டான்.

"என்னோடதைத்தான்." தன் படத்தின் பெயரை APPA2 என்று மாற்றினாள்.

"அப்போ நான்தான் ஒண்ணாவது!"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி, வாடா."

நான்கு மணிக்குச் சற்று முன்னால் இரண்டு படங்களும் வீடு வந்து சேர்ந்தன. அம்மா நாற்காலி மேல் ஏறினார். "எதை மேலே ஒட்டட்டும்?"

"ஒண்ணாவதை ஒட்டும்மா," என்றாள் அக்கா, கொஞ்சம் கடுப்பாக.

தம்பி யோசித்தான். "இல்லம்மா, அக்காவோடதை மேலே ஒட்டு. எனக்காக அவ திரும்ப ஓடி வந்தாள்ல? என்னோடதை அப்பா குனிஞ்சு பார்ப்பாரு."

அக்காவின் கடுப்பு போன இடம் தெரியவில்லை.

ஒட்டி முடிக்கவும் அப்பா படியேறி வரவும் சரியாக இருந்தது. மேலே இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார். கீழே இருந்ததைக் குனிந்து பார்த்தார். குனிந்த கையோடு இரண்டு பேரையும் சேர்த்து வாரி எடுத்துக்கொண்டார்.