கைக்குக் கீழே ஒரு கை

குடையை மடக்கிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். மஞ்சள் பெயின்ட் அடித்த நீளமான வீடு. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ள பெரியவர்கள் தங்கும் இல்லம். உள்ளே எங்கோ வாஷிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட வீடுகளில் வேலை பார்த்துப் பழகியவள் அவள். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது, சமயத்தில் அடி வாங்குவது, எல்லாம் கைக்குப் பழக்கம். மனசு மட்டும், தம்பி ஆஸ்பத்திரி வார்டில் செத்துப்போன நாளிலிருந்து, ஊசி போட்டு மரத்த ஈறு மாதிரி இருந்தது. அழுத்தினாலும் தெரியாது.

சமையல்காரர் பார்த்ததுமே 'புதுசு' என்று பேர் வைத்துவிட்டார். நடக்காத எதையும் இந்த வீட்டில் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது என்று பாடம் வேறு நடத்தினார். ஒருமுறை டிரைவர், "இங்கயே நில்லுங்க, வந்துடறேன்" என்று இங்கே தங்கியிருக்கும் கேப்டனிடம் சொல்லிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாராம். மனுஷன் கேட் பக்கத்தில் கொட்டுகிற மழையில் நின்றுகொண்டே இருந்தாராம்.

"இங்க ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தான். என் சம்சாரத்துக்கிட்ட சொன்னா நம்பமாட்டா."

கேப்டன், எந்நேரமும் தொப்பியோடு இருக்கும் நாற்பது வயதுக்காரர். பேச்சு கிடையாது, படங்களைக் காட்டித்தான் எல்லாம். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் இவளை எடுத்திருந்தார்கள்.

இல்லத்தின் பொறுப்பாளரான மேடம் தன் அறையில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நாளாகக் கேப்டன் யாரையும் கிட்டே விடுவதில்லை. ஊட்டப் போனால் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார். மணிக்கட்டு வேறு நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது, யார் செய்தது என்று தெரியவில்லை. நாளை மதியம் டாக்டர் வருகிறார். அவர் கண் முன்னால் பணியாள் கையால் கேப்டன் சாப்பிடாவிட்டால், வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

வார்டு. தம்பியையும் 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான் கொண்டுபோனார்கள்.

இப்போது எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டாள்.

மேடம் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "தட்டை வெச்சிட்டுக் கதவைச் சாத்திடுவோம். அப்புறம் வந்து பார்த்தா காலியா இருக்கும்."

அதுதான் இடித்தது. கேப்டனுக்குத் தனியாக ஸ்பூனைத் தூக்க வராது. பின்னால் நின்று, அவர் கைக்குக் கீழே நம் கையைக் கொடுத்து, மணிக்கட்டைத் தாங்கித் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் அது வாய்வரை போகும்.

அன்றே அவள் கதவை ஓசைப்படாமல் விரற்கடை அளவுக்குத் திறந்து பார்த்தாள்.

கேப்டன் பக்கவாட்டில் தெரிந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான் கழுவிய ஈரக் கையின் சோப்பு வாசனை மட்டும் இருந்தது.

கை எழுந்தது.

தானாக எழுகிற கை இல்லை அது. கேப்டனின் விரல்கள் ஸ்பூனைச் சும்மா பற்றியிருக்க, மணிக்கட்டு மட்டும் மேலே போனது. சட்டைக் கையின் நுனி, கீழிருந்து யாரோ பிடித்ததுபோல் அமுங்கியிருந்தது.

வாய்க்குச் சற்று முன்னால் நின்றது. காத்திருந்தது. அவர் விழுங்கியதும் அடுத்த வாய்.

நல்ல பணியாள் அப்படித்தான் ஊட்டுவாள்.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். உள்ளங்கை வியர்த்திருந்தது, வேறு யாருடையதோ போல.

சாயங்காலம் மேடத்திடம் போய், முன்பு அவருக்கு ஊட்டியது யார் என்று கேட்டாள். எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிட்ட ஒருத்தி. வருஷக்கணக்காகக் கேப்டனுக்கு அந்தக் கைதான். போன மாதம் தன் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "செத்துட்டாங்கன்னு எப்படிம்மா சொல்றது? புரியாதுன்னு நெனச்சோம். வெளிய போயிருக்காங்க, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவாங்கன்னு..."

நடக்காததைச் சொல்லக் கூடாத வீடு அது. சொன்னது நடந்துகொண்டிருந்தது.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. குளித்து முடித்தால் குளியல் படத்தை 'முடிந்தது' பெட்டியில் போட வேண்டும். போடாதவரை அது முடிந்ததாகாது; கேப்டன் அதற்காகக் காத்துக்கொண்டே இருப்பார். அக்காவின் போட்டோவை, அன்றாடப் படங்கள் மாட்டும் பலகையிலிருந்து எடுத்த மேடம், பெட்டியில் போட மனசு வராமல் டிராயரில் வைத்துவிட்டிருந்தார்.

மறுநாள் மதியம், டாக்டரின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டபோது, அவள் கேப்டனின் மேஜை முன் மண்டியிட்டிருந்தாள். தட்டுக்கு மேலே மணிக்கட்டு ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தது. சோப்பு வாசனை.

மேடத்திடம் வாங்கி வந்த போட்டோவையும் 'முடிந்தது' பெட்டியையும் அவர் முன் வைத்தாள்.

"கேப்டன். அக்கா செத்துட்டாங்க. இனிமே சாப்பாட்டுக்கு வரமாட்டாங்க."

திருப்பிச் சொல்லவில்லை. இன்னொரு தடவை சொன்னால் அவர் மறுபடி முதலிலிருந்து மனசில் வாங்க ஆரம்பிக்க வேண்டும். காத்திருந்தாள்.

யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் இல்லை. கேப்டனும் இல்லை.

கேப்டன் இடது கையால் போட்டோவை எடுத்தார். கட்டை விரலால் அந்த முகத்தைத் தடவினார். பெட்டிக்குள் போட்டு மூடினார்.

தூக்கியிருந்த கை தொப்பென்று மேஜையில் விழுந்தது.

அவள் எழுந்து பின்னால் போய்த் தன் கையை அதற்குக் கீழே நுழைத்தாள். மணிக்கட்டு ஐஸாகச் சில்லிட்டிருந்தது. அவர் விறைத்தார். சுவரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், இவரை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் தாழ்வாரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி 'புதுசு' பேர் ரத்து என்றார் சமையல்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் உதட்டை விரித்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்தாள். தனி அறை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி போன பிறகு தினமும் இப்படித்தான். ஸ்பூனைப் பிடித்தபடி வெறித்துக்கொண்டிருப்பாள், ஆறிப்போனதும் குப்பையில் கொட்டுவாள்.

சோப்பு வாசனை வந்தது.

கை எழுந்தது.

அவள் தூக்கவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே சில்லென்று ஏதோ தாங்கியது. சட்டைக் கையின் நுனி மெல்ல உள்ளே அமுங்கியது.

"வேண்டாம்" என்று முணுமுணுத்தாள்.

கை அவள் வாய்க்குச் சற்று முன்னால் நின்றது. காத்திருந்தது.

வெகுநேரம் கழித்து அவள் வாயைத் திறந்தாள்.

தட்டு காலியாகும்வரை அது விடவில்லை.