கழுத்தில் துணி கட்டிய கேன்

இரண்டு இலட்சத்துப் பதினாலாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா.

ரிஃபாஸ் அந்தத் தொகையைச் சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். கற்பிட்டியிலிருந்து முந்தல் வரை பஸ்ஸில் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தவன் அவன். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோக அது என்ன சவர்க்காரமா?

"ஆருக்குக் கடன்?" என்று கேட்டார் கமலாம்பாள்.

அவர் பொலிஸில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்றவர். உடப்பில் பிறந்து, முந்தலில் வீடு கட்டி இருப்பவர். சண்டை சச்சரவு என்றால் பொலிஸுக்குப் போகுமுன் அவரிடம் ஒரு தரம் போய் வருவது அந்தப் பக்கத்து வழக்கம். பக்கத்தில் அவருடைய புருஷன் இராமலிங்கம் நின்றார். தபாற்கந்தோரில் முத்திரை குத்திய கை அவருடையது. இப்போது ஆளைப் பார்த்துக் குத்த முத்திரை தேடிக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு கோழி காணாமற் போனாலும் கள்ளனை மூன்று தரம் பிடித்துவிடுவார். மூன்றும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்.

"அத்தாஉல்லா ஹாஜியாருக்கு, சார்ஜன் அம்மா. வெங்காய யாவாரி. கார் அவர்ட. ஓட்டுறது நான். ஹயர் வாடகைக் காசில ஆளுக்குப் பாதி. ஒயில் மாத்துறது, டயர் பாக்குறது எல்லாம் என்ட தலையில. இப்ப இன்ஜின் இறுகிப் பூட்டிப் போச்சி. நான் ஒயில் மாத்தாம ஓட்டினதாம். திருத்துற காச வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வைக்கணும். கார் எடுக்கக்குள்ள குடுத்த எங்கட வீட்டு உறுதிப் பத்திரம் அவர்ட கையில ஈடா இரிக்கி. காசு வைக்காட்டி வீடும் வளவும் போயிரும்."

"நீங்க ஒயில் மாத்தினீங்களா, தம்பி?"

"வல்லாஹி மாத்தின. என்ட கையாலதான், வீட்டு வாசல்ல, காருக்குக் கீழ படுத்து."

"கழிச்ச பழைய ஒயில் எங்க?"

"பழைய ஒயில இங்க ஆரு கொட்டுறா? அசீஸா குங்கிலியம் உருக்கிக் கலந்து வச்சா. என்ட மச்சான்ட வள்ளத்துக்குப் பூச." அசீஸா அவன் மனைவி.

கமலாம்பாள் தலையை ஆட்டினார். "சரி. பிறகு?"

பிறகு சொல்லத்தான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒயில் மாற்றியும் மீட்டரில் இருந்த ஸ்பேனர் விளக்கு அணையவில்லை. சேர்விஸ் செய்யும் காலம் வந்தால் எரிகிற விளக்கு அது. ஜப்பானில் ஓடி வந்த கார். அதன் புத்தகமும் ஜப்பான் எழுத்து. தமிழ் எழுத்தே ரிஃபாஸுக்கு எறும்பு வரிசைதான். ஒரு கராஜில் கேட்டால், விளக்கை மட்டும் அணைத்துத் தரப் பெரிய காசு கேட்டார்கள். ஏறுகிற சனமெல்லாம் "அது என்ன எரியுது?" என்று கேட்டதால், அவன் அதன்மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டான்.

"டேப்!" என்று துள்ளினார் இராமலிங்கம். "குற்றத்தை மறைக்கிறவன் செய்யிற வேலை!"

"மறைக்கிறவன் பஸ் ஏறி வந்து சொல்லுவானா?" என்றார் கமலாம்பாள். "கொஞ்சம் இருங்கப்பா. தம்பி, டேப் இப்பவும் இருக்கா?"

"இல்ல. ஒருநாள் பாத்தா டேப்பும் இல்ல, விளக்கும் எரியல்ல. தானா அணைஞ்சிட்டு எண்டு சந்தோசப்பட்ட. ஹாஜியார் கலியாணச் சோறு குடுத்து விட்ட அண்டைக்கு. சாப்பிடக்குள்ளதான் அசீஸாட்ட சொன்ன."

"இன்ஜின் பூட்டினது எங்க?"

"இங்கதான், முந்தலுக்குக் கிட்ட. தலவில அன்னம்மா கோயிலுக்கு வந்த சனத்த சிலாபத்துக்கு ஏத்திட்டுப் போன. வழி முழுக்க காருக்குள்ள சாம்பிராணி வாசம். ஒரு அம்மா சிலுவை போட்டு, 'அன்னம்மா எங்களோட கூடவே வாறா'ண்டு சொன்னா. அவ சொல்லி வாய மூடல்ல, கார் நிண்டிட்டு."

இராமலிங்கம் சிரித்தார். கமலாம்பாள் சிரிக்கவில்லை. "அவங்க சாம்பிராணி கொண்டு வந்தாங்களா?"

"மெழுகுதிரிதான் கொண்டு போனாங்க. அதையும் கோயில்லயே ஏத்திட்டாங்க."

கமலாம்பாள் செருப்பை மாட்டினார்.

காரை இழுத்து வந்து விட்டிருந்த மெக்கானிக் நஜாத்தின் கராஜ், முந்தல் சந்தைக்குப் பின்னால் இருந்தது. வெள்ளைக் கார் வயிறு பிளந்து நின்றது. நஜாத் ஒரு பேசினைக் காட்டினார். இன்ஜினிலிருந்து வழித்தது, தார் போல உள்ளே கிடந்தது.

"இது பிறந்ததிலருந்து மாத்தாத ஒயில், சார்ஜன் அம்மா. நாங்களும் வேலி மரத்துக்குப் பூச எடுத்து வச்சிரிக்கம். இவர்ல பிழை இல்ல எண்டு சொல்லத்தான் எனக்கும் விருப்பம். ஆனா கண்ணால கண்டதச் சொல்லத்தானே வேணும்?"

அவர் சாவியைத் திருப்பினார். மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்து அடங்கின. ஸ்பேனர் விளக்கு வரவேயில்லை.

"விளக்கு தானா அணையாது," என்றார் நஜாத். "ஆரோ அணைச்சாத்தான் அணையும். ஒயில மாத்தாம விளக்க மட்டும் அணைச்சா ஆரு கண்டா?"

ரிஃபாஸுக்குக் காலடி மணல் அரித்துக்கொண்டு போனது போல இருந்தது. தான் செய்த வேலையை அந்த மீட்டர் நம்பவில்லை. செய்யாத வேலையைச் செய்தான் என்று சாட்சி சொல்கிறது. வாய் இருக்கிறவனோடாவது சண்டை பிடிக்கலாம்.

கமலாம்பாள் மீட்டர்க் கண்ணாடியை விரலால் தடவினார். ஒரு சின்னச் சதுரத்தில் பசை ஒட்டியது. அதில் புழுதி படிந்திருந்தது. பிறகு டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒயில் கேன் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. லேபல் புதிது போலப் பளபளத்தது.

"அட, மச்சான்ட கேன்!" என்றான் ரிஃபாஸ். "புது ஒயில் வாங்கின கேன்தான். பூச்ச அதுக்குள்ள ஊத்தி, கழுத்தில துணி கட்டி வச்ச. மச்சான் கடலுக்குப் போயிட்டான், குடுக்கக் கிடைக்கல்ல. பிறகு நானும் மறந்திட்ட. நிறைஞ்சி இருந்திச்சே?"

டிக்கியின் மூலையில் இருந்து கமலாம்பாள் துணியை எடுத்தார். முடிச்சு அப்படியே இருந்தது. துணிதான் வெட்டுப்பட்டிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டன்," என்று இராமலிங்கம் காதுக்குள் சொன்னார். "நஜாத்! திருத்துற காசுக்காக அவரே இன்ஜினைக் கெடுத்திருக்கிறார்."

"கார் ஓடாமல் நிண்ட பிறகுதானே இவர்ட கைக்கு வந்தது," என்றார் கமலாம்பாள். "நஜாத், அந்தப் பேசினைக் கொட்டிப் போடாதீங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹாஜியார் கராஜுக்கே வந்தார். வெள்ளைச் சாரம், அத்தர் வாசம். நஜாத்துக்கென்று ஒரு சாக்கு வெங்காயம் இறக்கினார். சாக்கின் வாயைக் கட்டிய சணலை அவர் அவிழ்க்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் அறுத்தார்.

"பாருங்க நஜாத், கற்பிட்டி மண்ணுட சாமான். அழவே வைக்காது." பிறகு ரிஃபாஸைப் பார்த்தார். "என்ன, காசு கொண்டு வந்தியா? சார்ஜன் அம்மாவக் கூட்டிட்டு வந்தா கடன் குறையுமா?"

ரிஃபாஸ் தோளில் கிடந்த துவாயால் கார்க் கதவைத் துடைத்தான். வீட்டில் அசீஸா காலையிலிருந்து சட்டிபானைகளை ஓர் இடத்தில் சேர்த்து வைத்திருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

"ஹாஜியார்," என்றார் கமலாம்பாள், "ஒயில் மாத்தாம விளக்கை அணைச்சு இவர் உங்களை ஏமாத்தினார் எண்டுதானே கதை. எப்படி அணைச்சார் எண்டு ஒருக்காப் பாப்பமே. தம்பி, ஏறுங்க."

ரிஃபாஸ் ஏறி உட்கார்ந்தான். மீட்டருக்குப் பக்கத்தில் எத்தனையோ பட்டன்கள். பதற்றத்தில் கைபட்ட ஒன்றை அமத்தினான், வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிரீச்சிட்டு ஆடியது. இன்னொன்றை அமத்தினான்; காருக்குள்ளிருந்து ஜப்பான்காரி ஒருத்தியின் குரல் ஏதோ பேசியது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நடிக்கிறான்!" ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. "சாவிய மூடு. மீட்டருக்குக் கிட்ட அந்தச் சின்னப் பட்டன அமத்திப் புடிச்சிக்கிட்டே சாவியத் திருப்பு. கோடு கோடா வந்து மறையும் மட்டும் விடாத. இது ஒரு வித்தையா?"

வைப்பர் மட்டும் இன்னொரு தரம் ஆடி நின்றது.

"ஆர் காட்டித் தந்தது, ஹாஜியார்?" என்று மெதுவாகக் கேட்டார் கமலாம்பாள்.

"ஃபோன்ல வீடியோ..." என்றார் ஹாஜியார்.

கமலாம்பாள் ஒரு ஈர்க்குச்சியைப் பேசினில் தோய்த்து நெருப்பு வைத்தார். கரும்புகை எழும்பியது. அதோடு ஒரு மணம் கராஜ் முழுக்கப் பரவியது.

"வெள்ளிக்கிழமைக் கோயில் மணம்!" என்று இராமலிங்கம் தும்மினார்.

"குங்கிலியம்," என்றார் கமலாம்பாள். "ஒயில் எவ்வளவு பழசானாலும் இப்படி மணக்காது. இது வள்ளத்துப் பூச்சு. சூடேறினா இளகும், ஆறினா இறுகும். இன்ஜினுக்குள்ள போனா என்ன செய்யும் எண்டு நஜாத்துக்குத் தெரியும். இனி, அதை ஊத்தினது ஆர்? ரிஃபாஸ் இல்லை, தன்ட மனுசி காய்ச்சினது அவருக்குத் தெரியாதா? கலியாணச் சோறு வந்த நாள்தான் டேப்பும் விளக்கும் போயிருக்கு. கலியாணத்துக்குக் காரைக் கொண்டு போனது ஆர்?"

"நான்தான், புத்தளத்துக்கு," என்றார் ஹாஜியார். "அதுக்கு?"

"கடலுக்குப் போற வீட்டில கழுத்தில துணி கட்டின கேனை ஆரும் இன்ஜினுக்கு ஊத்தமாட்டாங்க. அது வள்ளத்துச் சாமான் எண்டு அங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எடுக்கிறதெண்டாலும் முடிச்சை அவிழ்ப்பாங்க. கயித்தாலயும் வலையாலயும் சோறு தின்னுறவன் முடிச்சை வெட்டமாட்டான். இந்தத் துணி வெட்டுப்பட்டிருக்கு. நீங்க இப்ப வெட்டின சணல் மாதிரி."

ஹாஜியார் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். மடித்தார். பிறகு வெங்காயச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டேப் ஓரம் கழண்டு கிடந்திச்சி. இழுத்துப் பாத்தா விளக்கு எரியிது. என்ட கார ஒயில் இல்லாம ஓட்டுறான், மறைச்சும் வைக்கிறான் எண்டு கோவம் வந்திச்சி. டிக்கியில கேன். லேபல் சரியாத்தான் இருந்திச்சி. வெயில்ல நிண்ட காரு, ஊத்தக்குள்ள சீனிப் பாணி மாதிரித் தடிப்பா வந்திச்சி. நல்ல சாமான் எண்டு நினைச்ச."

"சொல்லியிருக்கலாமே?" என்றார் நஜாத்.

"இன்ஜின் பூட்டின உடனே நெஞ்சில ஒண்டு குத்திச்சி. ஆனா மாத்தாத ஒயில் எண்டு நீங்க சொன்னீங்க. அது எனக்கு வசதியாப் போச்சி." அவர் ரிஃபாஸிடம் திரும்பினார். "நீ என்னத்துக்கு டேப் ஒட்டின? ஒயில் மாத்திட்டன், விளக்குத்தான் அணையல்ல எண்டு என்னட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா, ஹாஜி?"

ஹாஜியார் மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"அந்த விளக்கு ஒயிலைப் பாக்கிறதில்லை," என்றார் கமலாம்பாள். "ஓடின தூரத்தை மட்டும்தான் எண்ணும். இவர் புதுசு ஊத்தினதும் அதுக்குத் தெரியாது, நீங்க பூச்சு ஊத்தினதும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் அதைப் பாத்தீங்க. ஆளை ஆள் பாத்துக் கேக்கல்ல."

ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து ஒரு நீள உறையை எடுத்தார். வீட்டு உறுதி. ரிஃபாஸின் மடியில் வைத்தார்.

"கடன் இல்ல. மஹ்ஷர்ல, அந்த மறுமை விசாரணையிலயும் நான் கேக்க மாட்டன். நீயும் கேட்டிராத." எழுந்து நின்று சாரத்தைத் தட்டினார். "கார உள்ளபடியே விக்கப் போறன். திருத்தி ஓட்ட எனக்கு மனசில்ல. நீ வேற ஹயர் பாத்துக்க."

அவர் போனபின், "நானும் அவரைத்தான் நினைச்சன்," என்றார் இராமலிங்கம்.

இரண்டு இலட்சத்துப் பதினாலாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாக் கடன் போய்விட்டது. காரும் போய்விட்டது. சந்தோசப்படுவதா அழுவதா என்று ரிஃபாஸுக்குத் தெரியவில்லை. உறுதியை மடித்துச் சட்டைக்குள் வைத்தான். நாளைக்கு ஆரிடம் போய் வேலை கேட்பது?

"இதை என்ன செய்ய?" நஜாத் பேசினைக் காட்டினார்.

"தாங்க. மச்சான்ட வள்ளத்துக்குத்தானே காய்ச்சினது."

நஜாத் பூச்சைக் கேன் நிறைய ஊற்றி மூடினார். ரிஃபாஸ் பழைய துணியைத் தேடி எடுத்தான். வெட்டுப்பட்ட துணி, கழுத்தைச் சுற்ற எட்டவில்லை. தோளில் கிடந்த துவாயின் ஓரத்தைப் பல்லால் கிழித்தான். கேனின் கழுத்தைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான். கொஞ்சம் யோசித்து, அதன்மேல் இன்னொன்றும் போட்டான். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு கற்பிட்டி பஸ்ஸுக்கு நடந்தான்.