பேரம் பேசாத ஆசாமி

செல்போன் அலறியது!

பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் வாய் நுரையோடு எடுத்தான். வீட்டு புரோக்கர்.

"சார், நீங்க கேட்ட விலைக்கே ஓனர் ஒத்துக்கிட்டாரு. இப்பவே அட்வான்ஸோட வரச் சொல்றாரு."

கணவன் நுரையை விழுங்கிவிட்டு முழித்தான்.

"நல்ல சேதிதானே... ஏன் முழிக்கிறீங்க?" என்றாள் மனைவி. வாடகை வீடு வாடகை வீடாக மூட்டை தூக்கி அலுத்தவள். அட்வான்ஸுக்காக நகையெல்லாம் விற்றாயிற்று. இந்தப் பணம் போனால் அவ்வளவுதான்!

"அடிமாட்டு விலைக்குக் கேட்டேன். திட்டுவாரு, அப்புறம் கொஞ்சம் ஏத்தலாம்னு பார்த்தா... சரிங்கறாரு. எங்கேயோ இடிக்குது."

"நல்லது நடந்தாலே உங்களுக்குச் சந்தேகம்."

போனார்கள்.

ஒழுகும் கூரை. வெடித்த சுவர். உளுத்துப்போன மரப்படி. கூடத்தில் நேற்று வீட்டைச் சுற்றிக் காட்டிய அதே வழுக்கைத் தலை ஆசாமி. கேட்டில் தொங்கிய 'வீடு விற்பனைக்கு' போர்டைப் பார்த்துப் போன் செய்த புரோக்கரும் அவனை நேற்றுதான் முதல்முறை பார்த்தார்.

கணவன் தொண்டையைச் செருமினான்.

"கூரை மொத்தமும் மாத்தணும். இன்னும் கொறைங்க."

"கொறைச்சுக்கோங்க."

"வயரிங்கும் புதுசா போடணும்..."

"அதுக்கும் கொறைச்சுக்கோங்க. பணத்தைக் குடுங்க, அவசரம்."

கணவன் கடைசித் தூண்டிலைப் போட்டான்.

"இது வீடா, கோழிக் கூண்டா?"

ஆசாமி சிரித்தான்!

சொந்த வீட்டைக் குறை சொன்னால் எவனுக்கும் சுருக்கென்று தைக்கும். இவனுக்குத் தைக்கவில்லை...

"நீ போய் கார்லேர்ந்து பணத்தை எடுத்துட்டு வா" என்றான் கணவன், மனைவியிடம்.

பணம் அவள் கைப்பையில்தான் இருந்தது! அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய்ப் போலீசைக் கூப்பிட்டாள்.

ஜீப் சத்தம் கேட்டதும் ஆசாமி மாடிக்குப் பாய்ந்தான். படி மளுக்கென்று முறிந்தது. இடுப்புவரை உள்ளே! அப்போதும், "இது என் வீடு!" என்று போலீசிடம் கத்தினான்.

ஸ்டோர் ரூமில் ஏதோ இடிக்கும் சத்தம்... இன்ஸ்பெக்டர் பூட்டை உடைத்தார். கை கால் கட்டப்பட்டு, வாயில் துணியோடு ஒரு பெரியவர்.

துணியை உருவினார்கள்.

"இது என் வீடு" என்றார் மூச்சிரைக்க.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "அவனும் அதைத்தான் சொன்னான். நீங்கதான் ஓனர்னு எப்படி நம்பறது?"

பெரியவர் கணவனை முறைத்தார்.

"உள்ளே கிடந்து எல்லாம் கேட்டேன். அந்த விலைக்கெல்லாம் தர முடியாது. படியை உடைச்சதுக்கும் சேர்த்துக் குடுங்க."

மனைவி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சந்தேகமே இல்லை சார்... இவர்தான் ஓனர்."