மூட்டைநடையன் யாருக்குச் சொந்தம்?

“பங்குமானியைத் தொறங்க மேடம். எது என் மூளையில வந்ததுன்னு எனக்குத் தெரியணும்.”

இறுதியாண்டுத் திட்டத் தேர்வு நடந்துகொண்டிருந்த அறையில் பொற்கொடி எழுந்து நின்று கேட்டாள். மெஸ் சோற்றில் புழு கிடந்தால் கேள், மதிப்பெண் குறைந்தால் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லாதவர் இல்லை.

மாணவரோ வழிகாட்டியோ, குழுவில் எல்லோர் காதுக்குப் பின்னாலும் பொத்தான் அளவில் ஒரு பங்குமானி ஒட்டியிருக்கும். எந்த யோசனை யாரிடம் முளைத்தது என்று அது குறித்துக்கொண்டே வரும். திறந்தால், கருவி யோசித்தவர்களுக்குச் சொந்தம். திறக்காவிட்டால் கல்லூரிக்கு. இதுவரை எவரும் திறக்கக் கேட்டதில்லை. அதற்குக் குழு ஒற்றுமை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பொற்கொடி செய்தது மூட்டைநடையன் என்ற கருவி. மஞ்சள் மூட்டையைச் சுமந்துகொண்டு படியேறும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியே இடுப்பு ஒடிந்தவர் அவள் அப்பா. கருவியைச் சுமைதூக்குவோர் சங்கத்துக்குக் கொடுக்க நினைத்தாள். கல்லூரியோ ஒரு நிறுவனத்துக்கு விலை பேசி முடித்திருந்தது.

“உங்க வீட்டுல நீதான் முதல் பட்டதாரி கண்ணு. மார்க்கை வாங்கிட்டு வேலைக்குப் போற வழியைப் பாரு” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் வசுமதி.

“முதல் பட்டதாரின்னா வாயில்லாத பட்டதாரியா மேடம்?”

குழுவிலிருந்த ஒரே கூட்டாளி ஜெரால்டு அவள் துப்பட்டாவை இழுத்தான். “வேணாம்டி. எனக்கு முட்டைதான் வரும்.”

“வரட்டும். வருசம் பூரா லேப்ல தூங்குனேல்ல, ஆம்லெட் போட்டுத் தின்னு.”

மாணவர் கேட்டால் மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. வசுமதி விசையை அழுத்தினார். சுவரில் எழுத்துகள் ஒளிர்ந்தன.

பொற்கொடி அறுபது. ஜெரால்டு நாற்பது. வழிகாட்டி சுழியம்.

“நாப்பதா? இந்தத் தூங்குமூஞ்சிக்கா?”

பங்குமானி ஜெரால்டின் குரலையே ஆதாரமாக ஒலிபரப்பியது. “இதை எவன் தள்ளிட்டுப் போறது? தானா நடந்து வராதா?” அன்றுதான் அவள் சக்கரத்தைக் கழற்றிக் கால் வைத்தாள். “நான் குனியணுமா? அது குனியட்டும்.” அதன் பிறகுதான் அதற்கு முட்டி வந்தது. அவன் வாயை அடைக்கத்தான் ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே செய்தாள். அவள் அவன் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறாள் என்றது பங்குமானி.

“எங்க அப்பாகிட்ட சொல்லணும். சோம்பேறி சோம்பேறின்னு திட்டுவாரு” என்றான் ஜெரால்டு, வாயெல்லாம் பல்லாக.

வசுமதி அவள் பக்கம் குனிந்தார். “இதைத் தொறந்தது தெரிஞ்சா, நான் யோசிச்சதா என் பேர் போட்டிருக்கற பழைய கருவி அத்தனைக்கும் பங்குமானியைத் தொறக்கச் சொல்லுவாங்கம்மா. நீ சரின்னா இந்தக் கணக்கை இப்பவே அழிச்சிரலாம். நீ தனியா செஞ்சதுன்னு நானே எழுதித் தர்றேன். சங்கத்துக்கே கொடுத்துக்கோ. இவனுக்கு எதுக்கு நாப்பது?”

சங்கத்துக்கே! பொற்கொடி சுவரைப் பார்த்தாள். அந்த நாற்பது அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

“அளக்கச் சொன்னவ நான் மேடம். அளவு பிடிக்கலைன்னு தராசை உடைக்கச் சொல்றீங்களா?” அவள் பையை மாட்டிக்கொண்டாள். “டேய், எந்திரி. சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க உன் கையெழுத்தும் வேணும்.”

“இப்பவேவா? சாப்பிட்டுட்டு...”

“ஜெரால்டு!”

எழுந்துவிட்டான். கதவுக்கு வெளியே தேர்வுக்குக் காத்திருந்த குழுக்கள், உள்ளே நடந்ததைக் கேட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் தடவியபடி நெருக்கிக்கொண்டு நின்றன. “மேடம், எங்களுதையும்...” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். பொற்கொடி அவளை விலக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.