பதினேழாம் நம்பர் டோக்கன்

அந்தக் காட்டுக்குள் போக டோக்கன் எடுக்க வேண்டும். பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி மேற்கே போனால் வரும் சின்னக் காப்புக்காடு அது. ஒரு குன்று, கைவிட்ட ஒரு கல்குவாரி, நடப்பதற்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. குருவி பார்க்கிறவர்களும் காற்று வாங்குகிறவர்களுமாகச் சனி ஞாயிறுகளில் இருபது பேர் வந்தால் அதிகம். கேட்டை ஒட்டிய அறைச் சுவரில் ஒரு பலகை, அதில் முப்பது கொக்கிகள், கொக்கிக்கு ஒன்றாக எண் போட்ட பித்தளை டோக்கன். உள்ளே போகிறவர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது நாமே மாட்டிவிட்டு, நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். ஆறு மணிக்குக் காவலர் பலகையைப் பார்ப்பார். எல்லாக் கொக்கியும் நிறைந்திருந்தால் காட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம், கேட்டைப் பூட்டுவார். ஒன்று குறைந்தாலும் டார்ச்சோடு தேடப் போவார்.

2007 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நாலரை மணிக்கு, நானும் சித்திகாவும் அந்த அறை முன்னால் ஆட்டோவை விட்டு இறங்கினோம். சித்திகா என் நண்பன் மொஹ்சினின் மனைவி. மொஹ்சின் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் இறந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், அதுவும் நோன்பு மாதத்திலேயே பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டாள். சரி என்றேன். அந்த ஒரு வருடமாக யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகையும் வருவதில்லை, பசியும் தெரிவதில்லை.

காவலர் தசரதனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"வா சார். ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு யாருமே வர்ல, நீங்க ரெண்டு பேருதான்."

பலகை நிறைந்திருந்தது. பதினேழு அதன் இடத்தில் தொங்கியது. நான் அதைத் தொடாமல் ஐந்தையும் ஆறையும் எடுத்தேன்.

போன வருடமும் ரம்ஜான் மாதத்துச் சனிக்கிழமைதான். மொஹ்சின் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். நான் சேலையூரில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம் குருவி பார்ப்பது. அக்டோபரில் ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், பகலில் வாயைத் திறக்காது. மொஹ்சின் அதே மாதிரி விசிலடிப்பான். குருவியே ஏமாந்து பதில் சொல்லும்.

அன்று நேரம் போனது தெரியவில்லை. ஐந்தரைக்கு அவன் தன் டோக்கனை என் கையில் வைத்தான்.

"மச்சான், இதையும் சேர்த்து மாட்டிடு. சுத்திப் போனா நோன்பு தொறக்க லேட்டாயிடும். நான் குவாரி பக்கமா இறங்கி வேலியைத் தாண்டி வீட்டுக்குப் போயிடறேன்."

அவன் வீடு குன்றுக்கு அந்தப் பக்கம். பத்து நிமிடம். நான் கேட்டுக்கு வந்தபோது தசரதன் டீ குடிக்கப் போயிருந்தார். பதினாறையும் பதினேழையும் மாட்டினேன். நோட்டில் இரண்டு பெயரையும் நானே எழுதினேன். வராதவனுக்காக 'பிரசண்ட் சார்' சொல்லும் பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற வாத்தியார் நான்.

இரவு எட்டு மணிக்கு சித்திகா போன் செய்தாள். அவர் வீட்டுக்கு வரவில்லை, அவருடைய செல் கடையில் சார்ஜில் கிடக்கிறது என்றாள். வேலியைத் தாண்டியிருப்பான் என்றுதான் நான் நினைத்தேன். போலீஸ் கேட்டபோது பலகை நிறைந்திருந்தது, நோட்டில் பெயர் இருந்தது. அடுத்தவர் டோக்கனை மாட்டினால் கேஸ் என்று யாரோ சொன்னார்கள். வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்தேன். ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம் என்றேன். பிறகு அவர்கள் ஏரியைத் தேடினார்கள், பஸ் ஸ்டாண்டைத் தேடினார்கள். காட்டை யாரும் தேடவில்லை. திங்கட்கிழமை மாலை ஆடு மேய்க்கிறவர்கள் குவாரிப் பள்ளத்தில் அவனைப் பார்த்தார்கள். வெளியே வந்தவன் வேலி தாண்டி மறுபடி உள்ளே போயிருக்கிறான் என்று எழுதி முடித்தார்கள்.

இப்போது அந்தப் பாதையில் சித்திகா எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பேரீச்சம்பழப் பொட்டலமும்.

"ஒண்ணு மட்டும் புரியல அண்ணா. நோன்பு தொறக்கற நேரத்துல அவர் எதுக்குத் திரும்ப உள்ள போனார்?"

"தெரியல."

குவாரி விளிம்பில் நின்றோம். கீழே பச்சையாகத் தேங்கிய தண்ணீர், அழுகிய இலை வாசனை, காற்றே இல்லை. அவள் உதடு ஓதிக்கொண்டிருந்தது. மணி ஐந்தேகால்.

கீழேயிருந்து விசில் வந்தது. இரண்டு சுரம்.

"குருவிதான்," என்றேன்.

"ஆறு மணிக்குத்தான கத்தும்னு சொல்வார்?"

திரும்பி நடந்தோம். சருகு மிதிபடும் சத்தம் பின்னால் வந்தது. சித்திகாவின் செருப்புச் சத்தம் எனக்குப் பழகியிருந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று கேட்டது. ஒரு காலை ஊன்றி, மற்றதை இழுத்து.

நான் நின்றேன். அவளும் நின்றாள்.

அது இன்னும் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றது.

"அண்ணா, நடங்க," என்றாள் மெதுவாக. "திரும்பிப் பார்க்காதீங்க."

பயம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கால் மட்டும் குளிர்ந்தது.

அறைக்கு வந்து ஐந்தையும் ஆறையும் மாட்டினேன். தசரதன் பலகையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இன்னா சார் இது, பதினேழு காணோம்? மூணு பேரா போனீங்க?"

"ரெண்டு பேர்தான்."

"நான் இங்கியே குந்திகினு கீறேன், வேற யாரும் வர்லியே." அவர் பெஞ்சுக்கு அடியில் தேடினார். எதையாவது பேசினால் தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "உள்ள குருவி கத்துச்சா சார்? போன வருசம் அந்த சாரைத் தேடிகினு இருந்தாங்களே, அப்ப ரெண்டு நாளும் ஒரே கத்து. விடிய விடிய கத்துச்சு. திங்கக்கிழமை உச்சி வெயில்ல கூட கத்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா சத்தம் கம்மியாயி நின்னுபோச்சு."

சித்திகா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"விழுந்த உடனே போயிட்டார்னு சொன்னாங்க," என்றாள். "விலா எலும்பெல்லாம் உடைஞ்சிருந்துச்சு. விலா உடைஞ்சா கத்த முடியாதுல்ல அண்ணா? விசிலடிக்கலாம்."

அவள் தசரதன் பக்கம் திரும்பினாள்.

"சார், அன்னிக்கு நோட்டு இருக்கா?"

தசரதன் அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். அவள் விரல் வரியில் நின்றது. என் பெயர், ஜேசன், 5.40. அடுத்த வரி, மொஹ்சின், 5.40. கடை பில்லில் புருஷனின் கையெழுத்தை ஆயிரம் முறை பார்த்தவள்.

"ரெண்டும் உங்க எழுத்து."

"ஆமா."

"அவர் வெளியவே வரல."

"வரல," என்றேன். ஒரு வருடம் தொண்டையில் இருந்த சொல் அது. சொன்ன பிறகும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஏரிப் பக்கமிருந்து பாங்கு கேட்டது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து, பெஞ்சில் தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.

அப்போதுதான் என் சட்டைப் பை ஈரமாக இருப்பது தெரிந்தது.

கையை விட்டேன். டோக்கன். பதினேழு. அதில் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது.

யோசிக்காமல் கொக்கியை நோக்கி நடந்தேன். கை தானாகவே மாட்டப் போனது.

"மாட்டாதீங்க," என்றாள் சித்திகா. என் கையிலிருந்து டோக்கனை வாங்கி விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். "நீங்க போங்க அண்ணா. அவர் வராம நான் வரல."

தசரதன் காலிக் கொக்கியைப் பார்த்தார். பிறகு, வேறு வழி தெரியாதவர் மாதிரி, டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளிச்சம் மரங்களுக்கு நடுவே குவாரிப் பக்கம் நகர்ந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் போயிருக்க வேண்டிய வெளிச்சம்.

மறுநாளே போலீஸில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த கேஸ் என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்திகா முந்தின இரவு எட்டு மணிக்குத் தனியாக வீடு திரும்பியதாகத் தசரதன் சொன்னார். பெஞ்சில் பேரீச்சங்கொட்டை இரண்டு கிடந்ததாம். அவள் சாப்பிட்டது ஒன்றுதான் என்றார்.

நான் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவு எடுக்கிறேன். பெயர் சொல்வதில்லை, எண்தான். இந்த வருடம் பதினேழாம் எண் பையனுக்கு மஞ்சள் காமாலை, இரண்டு வாரமாக வரவில்லை. பழக்கத்தில் இன்றும் கூப்பிட்டுவிட்டேன்.

"பதினேழு."

பையன்கள் பேசாமல் இருந்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து, இரண்டு சுரத்தில், பதில் வந்தது.