கைப்பிடியில் ஆறாயிரம் பேர்

துடிப்புப் பலகையில் எண் எண்பத்தொன்றுக்கு இறங்கியபோது, வடகரை அணி தொடர்ந்து இருபத்தாறாவது பாஸை ஆடிக்கொண்டிருந்தது.

“பாத்தியா கோடி, கேலரியே தூங்குது,” என்றான் டில்லிபாபு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். “பந்த வச்சிக்கினு கோலம் போடறாங்க. கோல் எப்ப போடுவாங்க?”

“பந்து நம்ம கால்ல இருக்கிற வரைக்கும் அவன் எப்படிப் போடுவான், அத சொல்லு,” என்றாள் கோடீஸ்வரி. மாநகர மின்பேருந்து ஓட்டுநர். பள்ளி நாளிலிருந்தே இருவரும் கிழக்கு கேலரியில் பக்கத்து இருக்கைக்காரர்கள். எதிலும் ஒத்துப்போனதில்லை.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. பலகை எண்பதில் நின்றது.

அரங்கின் ஒவ்வொரு இருக்கைக் கைப்பிடியிலும் ஒரு துடிப்புமானி உண்டு. கை வைத்தவரின் நாடியை அது படிக்கும். ஆறாயிரம் பேரின் சராசரி பலகையில் ஓடும். ஒரு சீசனில் மூன்று ஆட்டங்கள் தொண்ணூறுக்குக் கீழே முடிந்தால் பயிற்சியாளர் விலக வேண்டும். முதலாளிகள் ரசிகர்களைக் கேட்காமலே பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், ரசிகர்களே போராடி வாங்கிய விதி இது. ‘கைதட்டலை விலைக்கு வாங்கலாம், இதயத்தை வாங்க முடியாது’ என்று மனுவில் எழுதியவள் கோடீஸ்வரிதான்.

சீசன் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு ஆட்டம் விழுந்துவிட்டது. பயிற்சியாளர் ஜெசிந்தாவுக்கு மிச்சம் ஒன்று.

வெளியே வரும்போது படிக்கட்டில் கூட்டத்தோடு ஏறி இறங்கியதில் கோடீஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. சட்டென்று நின்று தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

“நூத்திப் பத்து,” என்றாள்.

“இன்னாது?”

“மானிக்கு நெஞ்சு அடிக்கிறதுதான் தெரியும் டில்லி. ஏன் அடிக்குதுன்னு தெரியாது. கைப்பிடியப் பிடிச்சிக்கினே எழுந்து எழுந்து உக்காந்தா?”

டில்லிபாபுவும் நின்றான். “அது பொய்யில்லையா?”

“பொய்தான். அந்தம்மா போயிட்டா பரவாயில்லையா உனக்கு?”

“அந்தம்மா ஆட்டம் எனக்குப் பிடிக்காது. ஆனா அத நான் திட்டணும். மெஷின் யாரு திட்ட?”

அடுத்த ஆட்டத்தில் கோடீஸ்வரி வரிசை வரிசையாகப் போய்ப் பேசினாள். பாதிப் பேர் சிரித்தார்கள். வடகரை பந்தைப் பின்னுக்குத் தள்ளி நிதானமாக ஆடத் தொடங்கியதும் அவளும் டில்லிபாபுவும் எழுந்து உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். இருபது பேர் சேர்ந்தார்கள், பிறகு இருநூறு பேர். இடைவேளைக்குள் மேற்கு கேலரியும் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. பலகை தொண்ணூற்றேழு காட்டியது. மறுநாள் டில்லிபாபுவால் கிரேனுக்கு ஏற முடியவில்லை. தொடை பிடித்துக்கொண்டது.

ஆனாலும் அடுத்த வாரம் வந்தான். மழையிலும் செய்தார்கள், தோற்ற ஆட்டத்திலும் செய்தார்கள். ஏழு மாதம், முப்பது ஆட்டம். எண் ஒருமுறைகூடத் தொண்ணூறுக்குக் கீழே போகவில்லை. எழுந்து உட்காரும் நேரத்திலும் டில்லிபாபு வாதத்தை விடவில்லை. “நீளமா ஒண்ணு அடிச்சா முடிஞ்சிது,” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வான். அவளும் மூச்சு வாங்கிக்கொண்டே மறுப்பாள்.

கடைசி ஆட்டத்தில் வென்றால் கோப்பை. அதற்கு இரண்டு நாள் முன்னால், கோடீஸ்வரியின் பேருந்துப் பணிமனை வாசலில் ஜெசிந்தா வந்து நின்றார். அவளோடு டில்லிபாபுவும் இருந்தான்.

“உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வரணும்,” என்றார் ஜெசிந்தா. “ஆனா வேற ஒண்ணு கேக்க வந்தேன். கடைசி மேட்ச்ல சும்மா உக்காருங்க.”

“எண் விழுந்தா நீங்க போகணுமே மேடம்.”

“தெரியும். முன்னெல்லாம் ஆட்டம் முடிஞ்சதும் பலகைய நிமிஷம் நிமிஷமாப் பாப்பேன். எந்த பாஸ்ல உங்களுக்குப் பதறுச்சு, எதுல அலுத்துப்போச்சுன்னு தெரியும். இப்ப ஒண்ணுமே தெரியல. பசங்களும் பலகைய நம்பறதில்ல. நான் சரியா ஆட வைக்கிறேனான்னு ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கணும்.”

கோடீஸ்வரி அன்று முழுக்கப் பேருந்து ஓட்டியபடி அதையே நினைத்தாள். மறுநாள் எல்லா வரிசைக்கும் தகவல் அனுப்பினாள்: யாரும் எழ வேண்டாம்.

கடைசி ஆட்டத்தில் ஆறாயிரம் பேரும் கைப்பிடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். எண்பத்து மூன்றாவது நிமிடம். கோல்காப்பாளரிடமிருந்து கிளம்பிய பந்து இடம் போய், வலம் வந்து, நடுவில் நின்று, மறுபடி இடம் போனது. எதிரணி ஆட்கள் அதன் பின்னாலேயே ஓடிக் களைத்தார்கள். முப்பத்தொன்றாவது பாஸில் அவர்களுக்கு நடுவே ஒரு சந்து திறந்தது. பந்து அதன் வழியே போனது. கோல்.

டில்லிபாபு வாய் திறந்தபடி இருந்தான். கண் கலங்கியிருந்தது. சுற்றிலும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கோடீஸ்வரி பலகையைப் பார்த்தாள்.

எழுபத்தொன்பது.

“மானி கெட்டுப்போச்சா?” என்றான் டில்லிபாபு.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள், பிறகு தன்னுடையதை. மானி கெடவில்லை. ஏழு மாத உடற்பயிற்சியில் அவர்கள் இதயங்கள் தேறிவிட்டிருந்தன. ஒரு துடிப்பிலேயே நிறைய இரத்தத்தைத் தள்ளப் பழகிய இதயம் மெதுவாகத்தான் அடிக்கும், எவ்வளவு சந்தோஷப்பட்டாலும்.

வடகரை கோப்பையை வென்றது. இறுதி விசிலோடு பலகையில் பயிற்சியாளரின் விலகல் உத்தரவும் தானாக வந்தது. காரணம் என்ற இடத்தில் ‘ரசிகர் சலிப்பு’ என்று இருந்தது.

ஜெசிந்தா மைதானக் கோட்டோரத்தில் நின்று அதைப் படித்தார். பிறகு கேலரியைப் பார்த்தார். அழுதும் கத்தியும் நின்ற ஆறாயிரம் பேரை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்தார். அவருக்கு வேண்டியது தெரிந்துவிட்டது.

கோடீஸ்வரி எழுந்தாள். “வா, ஆபீஸுக்குப் போலாம்.”

கால்பந்துக் கழக அலுவலகத்தில் இளம் அதிகாரி ஒருவர் கணினித் திரைக்குப் பின்னால் இருந்தார். “மனு எழுதினது நான்தான்,” என்றாள் கோடீஸ்வரி. “தப்பா எழுதிட்டேன். இப்ப ஜனங்க வாயால சொல்ல வந்திருக்காங்க. எழுதிக்கங்க.”

அதிகாரி திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். “மேடம், இதுல எண் போடத்தான் இடம் இருக்கு. சொல்றத எழுத இடமே இல்ல.”

டில்லிபாபு அவர் மேசையிலிருந்த ஆட்ட அட்டவணைத் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தை அவர் முன்னால் வைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ரசிகர்களின் வரிசை படிக்கட்டில் இறங்கி, மைதானத்தைத் தாண்டி, மேற்கு கேலரி வரை நீண்டிருந்தது.

“எழுதுங்க சார்,” என்றான். “பேரு டில்லிபாபு. அந்தம்மா ஆட்டம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனா அவங்க ஏன் இருக்கணும்ங்கிறேன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.”