தொட்டிக்குள் தட்டிய தாளம்

சாயங்காலம் நாலு மணிக்கு ஜோஸ்வா வந்து சேர்ந்தபோது மாதா கோயில் திறந்தே கிடந்தது. வீரசோழன் ஆற்றங்கரையில் நூறு வருசத்துக் கட்டடம். வெளியே தூறல். அறுத்த குறுவை நெல் தாளின் ஈர வாசனை சன்னல் வழியே நுழைந்து, உள்ளே பழைய மெழுகு வாசனையோடு கலந்து நின்றது. காலையிலிருந்து ரைஸ்மில்லில் மூட்டை சுமந்த தோளுக்குக் கிதார்கூடக் கனத்தது.

ஆறு மணிக்குக் குழந்தைராஜின் முப்பதாம் நாள் பூசை. அதே மில்லில் மூட்டை தூக்கியவர். அடைப்பெடுக்க நெல் தொட்டிக்குள் இறங்கியவர்மேல் நெல் சரிந்து மூடிவிட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று மில்லில் எல்லாரும் சொன்னார்கள். ஜோஸ்வாவும் அப்படித்தான் சொன்னான்.

அவனுக்குக் கேட்டிருந்தது.

பெடலையும் ஸ்பீக்கர் பெட்டியையும் தரையில் வைத்தான். இரண்டும் பேட்டரியில் ஓடுபவை. கிதார்க் கம்பியை ஒருதரம் மீட்டினால் போதும். டிலே பெடல் அதே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். எவ்வளவு இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் காலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டிவிட வேண்டும்.

மில்லில் சாப்பாட்டு வேளையில் பழகும்போது, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் 'டொக்... டொக்' சத்தத்தை வைத்துத்தான் தட்டுவான். குழந்தைராஜ் போன அன்றும் தொட்டித் தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அப்படித்தான் தட்டினான். சத்தம் வரவர மந்தமானது. "சனியன் புடிச்ச மெஷினு" என்று திட்டிவிட்டு, அதற்கேற்ப மறுபடியும் மறுபடியும் தட்டினான். அப்புறம் அது நின்றது. இவன் எழுந்து சோறு தின்னப் போனான்.

பொழுது சாயத் தொட்டியைத் திறந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

"வந்துட்டீங்களா தம்பி?" குழந்தைராஜின் மனைவி பாத்திமா மேரி, முன்பெஞ்சில் ஜெபமாலையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். "அவருக்குப் புடிச்ச பாட்டையே வாசிங்க. நல்லா வேகமா. அழுவாச்சியா வாசிச்சீங்கன்னா அந்த மனுசன் கொறட்ட விட்டுருவாரு." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஜோஸ்வா வேகமாக இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கம்பியை மீட்டினான்.

பதில் ஒலி வரவில்லை.

நெஞ்சு ஒருதரம் அடித்து அடங்கியபின் வந்தது.

டொக்.

அது கிதார் ஒலி இல்லை. தகரத்தில் விரல் முட்டி படும் ஒலி. ஸ்பீக்கரிலிருந்து நெல் தூசியின் வறண்ட நெடி கிளம்பி அவன் மூக்கில் ஏறியது. மறுபடி வேகமாகத் தட்டினான்.

டொக்.

"யாரோ தட்டுறாப்புல இருக்கே தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. மில்லு எலிவேட்டர் தாளம். அன்னிக்கி மதியம் வச்சது, பெடல்ல அப்புடியே தங்கிப்போச்சு."

"என்னிக்கி?"

அவன் குனிந்து பெடலின் குமிழைத் திருகினான்.

"அவரு போன அன்னிக்கா?"

அவன் விரல் குமிழிலேயே நின்றது.

"அன்னிக்கி மதியம் பூரா ஊருக்கே கரண்டு இல்லையே தம்பி," என்றாள் மெதுவாக. "கிரைண்டர் ஓடலன்னு நான் கையாலதான மாவாட்டுனேன்? எலிவேட்டர் எப்புடி ஓடிச்சு?"

ஜோஸ்வா பெடலைக் குப்புறக் கவிழ்த்து, மூடியைப் பிரித்து, பேட்டரியைப் பிடுங்கினான். அது அவன் உள்ளங்கையில் கிடந்தது. பெடலின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

டொக்.

முன்னைக்கு இப்போது இடைவெளி கூடியிருந்தது.

டொக்.

இன்னும் கூடியது. அன்று போலவே.

பாத்திமா மேரி எழுந்து வந்தாள். ஸ்பீக்கர் முன்னால் மண்டியிட்டு, ஈரத் தரையோடு கன்னம் படியக் காதை வைத்தாள். அவள் முகம் மலர்வதைப் பார்த்து ஜோஸ்வா ஓரடி பின்வாங்கினான்.

"இருக்காரு," என்றாள் கிசுகிசுப்பாக. "இன்னும் உசுரோடதான் இருக்காரு. தொட்டியத் தொறங்க தம்பி. சீக்கிரம் தொறங்க."

அவனால் அசைய முடியவில்லை.

வலது கால் மட்டும், அந்த இடைவெளிக்கு ஏற்றபடி, தரையில் மெல்லத் தட்டத் தொடங்கியது.